கூலி கேட்ட பைத்தியம்

1986ஆம் வருஷம். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்த சொல்தா இறந்து ஒரு வருஷம் கழித்து அவருடைய சம்சாரத்துக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அறுபத்தைந்து வயதிருக்கும். சமையற்கட்டில் உட்கார்ந்து சுவரோடு சண்டை போடுவார். சோற்றில் விஷம் இருக்கிறதென்று தட்டைத் தள்ளிவிடுவார். பாரிசுக்குப் பக்கத்தில் வேலையாயிருந்த மகன் லீவில் வந்தான். டாக்டரிடம் கூட்டிப்போனான், மாத்திரை வாங்கினான், துணைக்கு ஆள் தேடினான். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் மறுநாளே நின்றுவிட்டார்கள்.

கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் பெரியம்மாவைத் தேடி. அம்மாவின் அக்கா. பெரியப்பா மில்லில் வேலை பார்த்து இறந்துபோனவர். பெரியம்மா நாற்பது வயதுக்குமேல் இரண்டு முறை ஒரு மனநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவர். அப்போது அவருக்கு 62. தெருவில் அவர் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. 'அந்த வீட்டுப் பைத்தியம்' என்றால் போதும். பைத்தியத்துக்குப் பைத்தியம்தான் துணை என்று யாரோ கேலியாகச் சொன்னதை அந்த மகன் நிஜமாகவே எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது.

"அம்மாகூட கொஞ்சம் இருங்க பெரீம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றான்.

"புண்ணியம்லாம் வாணாம் தம்பி. நாளைக்கு எட்டு ரூபா குடு. ஞாயித்துக்கெழம வரமாட்டேன்."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். கல்லூரி மாணவன். மார்க்ஸ் படித்துக்கொண்டிருந்தவன். உழைப்பு, கூலி, உபரி என்றெல்லாம் பேசுகிறவன். பெரியம்மா கேட்டதும் கூலிதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

அவர் அங்கே என்ன வேலை செய்தார் என்பதை நான் எட்டிப் பார்த்த அளவில் சொல்கிறேன். குரல் கேட்கிறது என்று அந்தம்மா சொன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று இவர் சொல்லமாட்டார். "இப்ப இன்னா சொல்லுது?" என்று கேட்பார். பதில் வந்தால், "எனக்கும் இப்பிடித்தான் சொல்லும். நான் துணி தொவைக்கப் போயிடுவேன்" என்பார். ஒரே தட்டிலிருந்து முதல் கவளத்தைத் தான் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்துவார். மாத்திரையை எங்கே ஒளிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், தானும் ஒளித்தவர் என்பதால். விடிவதற்கு முன்பு, தெருவில் கண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, கடற்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போவார். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று கதை விடவில்லை. ஒருநாள் குடைக்காம்பால் அடிவாங்கிக்கொண்டு வந்தார். மறுநாளும் போனார். போன நாளுக்கெல்லாம் எங்கள் பின்கட்டுச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார்.

மகன் பிரான்சுக்குத் திரும்பிய பிறகு பணத்தை என் மாமாவுக்கு அனுப்ப ஆரம்பித்தான். பெரியம்மாவின் தம்பி. "புத்தி சரியில்லாதவ கையில எப்பிடிப் பணத்தக் குடுக்கறது? உனக்காகத்தான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார் மாமா. திருடவில்லை, உண்மையிலேயே தன் பாஸ்புத்தகத்தில் போட்டுத்தான் வைத்திருந்தார். நாற்பத்தோராவது கோட்டுக்குப் பிறகு பெரியம்மா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

குடும்பக்கதையை வரலாற்றுக் கட்டுரையில் நுழைப்பதாக நண்பர்கள் சொல்லக்கூடும். பைத்தியத்தின் வரலாறு என்று நாம் படித்ததில் இந்தக் கோடுகளுக்கு இடம் இல்லாமல்போனது எப்படி என்பதுதான் என் கேள்வி.

தொண்ணூறுகளில் இந்த ஊர் டீக்கடைகளில் ஃபூக்கோ பற்றிப் பேசாத சிறுபத்திரிகைக்காரர் கிடையாது. 1961இல் அவர் பிரெஞ்சில் எழுதிய நூலை ஆங்கிலச் சுருக்கத்தின் ஜெராக்ஸில் படித்தோம், பிரெஞ்சு தெரிந்த கிழவர்கள் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்க. பைத்தியக்காரர்களைச் சங்கிலியிலிருந்து விடுவித்த மகான் என்ற பினேலின் பிம்பத்தை அவர் உடைத்தார். இரும்புச் சங்கிலி போய் மனசாட்சி என்ற சங்கிலி வந்தது என்றார். சரிதான். ஆனால் பிம்பத்தை உடைக்கிறவருக்கும் கண்ணெதிரே நிற்பது அந்தப் பிம்பம்தான். ஃபூக்கோவின் குறி பினேல். பக்கத்தில் நின்ற ஆள் மேல் வெளிச்சம் விழவில்லை.

அந்த ஆள் ழான்-பாப்திஸ்த் புஸ்ஸேன். 1745இல் பிறந்தவர். தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோயோடு 1771இல் பாரிசுக்கு அருகே பிசேத்ருக்கு வந்து சேர்ந்தார். பிசேத்ரை இன்றைய அர்த்தத்தில் ஆஸ்பத்திரி என்று சொல்ல முடியாது. 1656ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின் ஏழைகள், கிழவர்கள், பிச்சைக்காரர்கள், பைத்தியங்கள் என்று வேலைக்கு ஆகாதவர்களை எல்லாம் அடைத்துவைத்த இடம். ஆண்களுக்கு பிசேத்ர், பெண்களுக்கு சால்பேத்ரியேர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் முதுமை இல்லங்கள் என்றே பெயர் இருந்தது. முதுமையும் பைத்தியமும் ஒரே மதிலுக்குள்ளேயே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் உழைப்புக்கு வெளியே தள்ளிய பிறகுதான் மதில் எழுந்தது.

தீராத நோய் என்று முத்திரை குத்தப்பட்ட புஸ்ஸேன் அங்கேயே தங்கி, வேலைக்குச் சேர்ந்து, 1780களின் நடுவில் பைத்தியங்களின் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். அவருக்கு வந்தது மனநோய் அல்ல, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் நமக்கு முக்கியம். பிரிவின் வேலையாட்களைக் கூடியவரை குணமானவர்களிலிருந்தும் குணமாகிக்கொண்டிருந்தவர்களிலிருந்தும் எடுத்தார். அடிப்பதைத் தடை செய்தார். வெளியிலிருந்து வரும் ஆட்களைவிட இவர்கள் இரக்கமும் பொறுமையும் உள்ளவர்கள் என்பது அவர் அனுபவம். 1793இல் மருத்துவராக வந்த பினேல் இந்த ஏற்பாட்டை இவரிடமிருந்து கற்றுக்கொண்டார்; அதை எழுதியும் வைத்தார். பினேல் 1795இல் சால்பேத்ரியேருக்குப் போனார். பிசேத்ரில் சங்கிலிகளைக் கழற்றியது 1797இல், புஸ்ஸேன். (கழற்றிவிட்டுக் கட்டுச்சட்டை போட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) 1802இல் பினேல் அவரைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். 1811இல் புஸ்ஸேன் இறந்தார்.

1876இல் தோனி ரொபேர்-ஃப்ளெரி தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் சால்பேத்ரியேர் முற்றத்தில் பினேல் கம்பீரமாக நிற்கிறார். தலைப்பில் அவர் பெயர்தான். சங்கிலியை அவிழ்க்கிற கை வேறு யாருடையதோ. அந்தக் கையின் கூலி பற்றிக் கலை வரலாற்றில் யார் பேசப்போகிறார்கள்?

இதே காலத்தில் நம் பக்கம் என்ன நடந்தது என்று பார்த்தால், சென்னையில் 1794இல் பிரிட்டிஷ்காரர்களின் பைத்தியக்கார விடுதி வந்தது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டு காலனிய விடுதிகளில் நோயாளிகள் தோட்டம் போட்டார்கள், நெய்தார்கள், செக்காட்டினார்கள், சமைத்தார்கள். விடுதிகளின் ஆண்டறிக்கைகளில் அந்த உழைப்பால் வந்த வருமானம் கணக்கில் ஏறியது. வெள்ளைக்கார நோயாளிக்குப் பொழுதுபோக்கு, சுதேசி நோயாளிக்கு உடலுழைப்பு என்பது அந்த விடுதிகளின் பொதுப்போக்கு. வேலைக்குச் சூட்டிய பெயர் சிகிச்சை. சிகிச்சைக்குச் சம்பளம் கேட்பவன் பைத்தியமாகத்தானே இருக்க வேண்டும்? தர்க்கம் வட்டமாக வந்து முடிந்துவிடுகிறது. அறிவு என்றும் பைத்தியம் என்றும் கோடு கிழிப்பது மருத்துவர் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். கணக்குப்பிள்ளையும் கிழிக்கிறான்.

இந்த வட்டம் இரண்டு இடங்களில் ஒரே ஆண்டில், 1973இல், உடைந்தது. அமெரிக்காவில் சௌடர் எதிர் பிரென்னன் வழக்கில், அரசு மனநோய் நிறுவனங்களில் வேலை செய்யும் நோயாளிகளுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. வெற்றி என்று குதிக்க வேண்டாம். கூலி கொடுப்பதைவிட வேலையை நிறுத்துவது லாபம் என்று பல நிறுவனங்கள் கண்டுகொண்டன. நோயாளிகள் சும்மா உட்கார்ந்தார்கள்.

இன்னொரு இடம் இத்தாலியின் ட்ரியெஸ்தே. 1971இல் அங்கே மனநோய் மருத்துவமனைப் பொறுப்பேற்ற ஃபிராங்கோ பாசாலியா கதவுகளைத் திறந்தார் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். நீல நிற மரக்குதிரையை இழுத்துக்கொண்டு நோயாளிகள் ஊருக்குள் ஊர்வலம் போன படத்தையும் பார்த்திருப்பார்கள். அதே 1973இல் நடந்த இன்னொரு காரியத்துக்குப் படம் கிடையாது. மருத்துவமனையைக் கூட்டிப் பெருக்கி, துணி வெளுத்து, அதற்குச் சில்லறையோ சிகரெட்டோ வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆனார்கள். ஐக்கியத் தொழிலாளர் கூட்டுறவு என்று பெயர். அதே கூடத்தை அதே துடைப்பத்தால் பெருக்கினார்கள். இப்போது ஒப்பந்தம் போட்டு, தொழிற்சங்கக் கூலிக்கு. வேலை மாறவில்லை, வேலை செய்கிறவர் யார் என்பது மாறியது. 1978இல் இத்தாலி மனநோய் விடுதிகளை மூடச் சட்டம் போட்டது (180ஆம் எண்). சட்டத்துக்கு ஐந்து வருஷம் முன்பே வந்துவிட்டது சம்பளச் சீட்டு.

இதைப் புதுச்சேரிக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் முன்னால் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளிகள் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை உரிமை அதற்குப் பிறகு வந்தது. வ. சுப்பையாவின் பெயரும் அந்தத் தியாகிகளின் நினைவும் இந்த ஊரில் வருஷாவருஷம் மாலை பெறுகின்றன. நியாயம்தான். ஆனால் அந்த மில்லில் உழைத்தவனின் விதவை 'நாளைக்கு எட்டு ரூபா' என்றபோது தொழிற்சங்கக் குடும்பமான எங்கள் வீடே சிரித்தது. கூலிப் போராட்டத்தின் வாரிசுகளாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் வீடுகளுக்குள் கிழவிகள் செய்கிற வேலை வேலையாகத் தெரிவதில்லை. அது பாசம், கடமை, புண்ணியம். கிழவி பைத்தியமாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வயதான பெண்கள் என்றதும் இன்றைக்கு உலகம் பேசுவது ஜிம்பாப்வே பாட்டிகளை. 2005இல் அந்நாட்டு அரசு நகர்ப்புற ஏழைகளின் குடிசைகளை இடித்துத் தள்ளிய பிறகு, 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 14 பாட்டிகளோடு ஒரு வேலையைத் தொடங்கினார். அறை கிடைக்கவில்லை, சுகாதார நிலையத்து மரத்தடியில் பெஞ்சு போட்டார்கள். நட்பு பெஞ்சு என்று பெயர் வந்தது. பாட்டிகள் ஏற்கெனவே நகரச் சுகாதாரப் பணியில் இருந்தவர்கள். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுக்கு மீறி யோசித்தல். நம் கிழவிகளும் 'ரொம்ப யோசன பண்ணுது' என்றுதானே சொல்கிறார்கள்! 573 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது: பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய்க்குறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

பாட்டிகளின் படங்கள் உலகம் சுற்றின. எனக்கு அதில் ஒரு உறுத்தல். 'பாட்டி' என்கிற சொல்லுக்குள் தொழிலாளி காணாமல்போகிறாள். அவளுடைய ஞானத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவளுடைய மாதச் சம்பளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பாட்டிகள் நோயை அனுபவித்தவர்கள் என்ற தகுதியில் எடுக்கப்பட்டவர்களும் அல்ல. என் பெரியம்மாவின் நிலைக்கு நெருங்கி வருவது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில ஏற்பாடு. மனநோயோடு வாழ்ந்த வயதானவர்களுக்கு, தங்களைப்போன்ற மற்ற வயதானவர்களுக்குத் துணை செய்யத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் தருகிறார்கள். அந்நாட்டில் ஜார்ஜியா மாநிலம் 1999இலேயே இந்த வகைத் துணைக்கு அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து பணம் கொடுக்க வழி செய்திருந்தது. நோய் வந்து போனது என்பதே அங்கே வேலைக்கான தகுதி. நம் ஊரில் அதே காரணத்துக்காகத்தான் வேலை போகும்.

தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்தை நடத்திய சாரதா மேனன் அங்கே தொழிற்பயிற்சிப் பிரிவைக் கொண்டுவந்தார். 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன், தெருவிலிருந்து வந்து குணமான பெண்கள் பலரைத் தன்னிடமே பணியாளர்களாக்கியது. ஆனால் பொதுப்புத்தியில் நிற்பது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் கூரைக்கொட்டகையில் தீப்பிடித்து எரிந்தபோது ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். புஸ்ஸேன் சங்கிலியைக் கழற்றி 204 வருஷத்துக்குப் பிறகு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. அதன் 20ஆம் பிரிவில் யாரும் அதிகம் பேசாத ஒரு வரி உண்டு: மனநல நிலையங்களில் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக்கூடாது, செய்த வேலைக்குத் தகுந்த ஊதியம் தர வேண்டும். செக்காட்டியவர்களுக்கு நூற்றைம்பது வருஷம் தாமதமாக வந்த பதில். ஆனால் அந்த வரி நிலையத்தின் மதிலுக்குள் செல்லும். முத்தியால்பேட்டை வீட்டுக்குள், இரண்டு கிழவிகளுக்கு நடுவில், அது வராது. என் மாமாவின் வாதத்துக்குப் பதில் வேறொரு பழைய சட்டத்தில் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெரும்பாலும் புத்தி தடுமாறியவரும் தெளிவாயிருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்கிறது. 'எட்டு ரூபா, ஞாயிறு லீவு' என்பதைவிடத் தெளிவான ஒப்பந்தம் எது?

தோழர்கள் சிலரோடு இதைப் பேசியபோது இரண்டு எதிர்ப்புகள் வந்தன. காசு வந்தால் தோழமை போய்விடும் என்பது ஒன்று. இதைச் சொன்னவர்கள் எல்லாருமே மாதச் சம்பளக்காரர்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வாத்தியார் சம்பளம் வாங்குவதால் பாடத்தில் அன்பு குறைகிறதா? சும்மா வருகிறவர் சொல்லாமல் நின்றுவிடலாம், வீட்டுக்காரரும் வராதே என்று சொல்லிவிடலாம். கூலிக்கு வருகிறவர் நாளை வருவேன் என்று கணக்கு வைத்துக்கொண்டு வருகிறார். விஷம் கலந்திருக்கிறது என்று நடுங்குகிறவருக்கு நாளையும் இதே முகம் வரும் என்பது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது எதிர்ப்பை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. டாக்டரும் நர்சும் வைக்கக் காசில்லை என்று கைவிரிக்கிற அரசு, கிழவர்களைக் குறைந்த கூலிக்கு அந்த இடத்தில் உட்காரவைத்துவிடும் என்றார்கள். நடக்கும். மதிப்பூதியம், ஊக்கத்தொகை, தொண்டர் என்று சம்பளம் என்ற ஒரு சொல்லைத் தவிர்க்க அரசிடம் பல சொற்கள் இருக்கின்றன. சத்துணவுப் பணியாளர்களையும் ஆஷா பெண்களையும் கேட்டால் தெரியும். 2015இல் நாட்டிலேயே மிக அதிகத் தற்கொலை விகிதம் புதுச்சேரியில்தான், லட்சத்துக்கு 43.2, நாட்டின் சராசரி 10.6. இப்படிப்பட்ட ஊரில் இந்த வேலைக்கு ஆள் வேண்டாமென்று யாரும் சொல்லமுடியாது. எந்தப் பெயரில், யார் கையில் பணம், அடிபட்டால் யார் பொறுப்பு, மறுபடி நோய் வந்து படுத்தால் வேலை இருக்குமா என்பதெல்லாம் தொழிற்சங்கக் கேள்விகள். மனநல மருத்துவர்களின் மாநாட்டில் அதற்குப் பதில் கிடைக்காது.

பெரியம்மா போவதை நிறுத்திப் பத்து நாள் இருக்கும். வீட்டில் எல்லாரும் அவரை வற்புறுத்திக்கொண்டிருந்தோம். நான் மாமா பக்கம்தான். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பாவம் அந்தம்மா என்றேன். அன்று மத்தியானம் அந்தம்மாவே எங்கள் வாசலில் வந்து நின்றார். விடியற்காலை நடை தவிர மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வராதவர். நல்ல வெயில். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் வரல?"

"சம்பளம் பாக்கி."

அந்தம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "நானா பாக்கி?"

"நீ இல்ல. என் தம்பி."

"எத்தினி நாளு?"

பெரியம்மா அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். இரண்டு பேருமாக விரல் வைத்து எண்ணினார்கள். ஒருமுறை நாற்பது வந்தது, மறுபடி எண்ணியதில் நாற்பத்தொன்று. பிறகு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். பெரியம்மா முதலில் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நகர்த்தினார். ஆறு மணிக்கு மாமாவின் சைக்கிள் தெருமுனையில் திரும்பியது.